உறங்கும் கிழங்கும் ஒரு மன்னிப்பும்
(நம் குடியிருப்பின் குடியரசு நாள் கூட்டத்தில், கொடியேற்றத்திற்குப் பிறகு தோட்டக் குழுப் பொறுப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

  கையில் காபி டம்ளரோடு நிற்பவர்கள் அப்படியே நிழலுக்கு வந்துவிடுங்கள். பதினைந்து நிமிடம்தான் பேசப் போகிறேன். செயலாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இன்றைக்கு என்னைப் பேசச் சொன்ன தலைப்பு, "கோடையில் பூக்கும் கிழங்குச் செடிகள்: நடுவதும் பராமரிப்பதும்". அதைத் தொடங்கும் முன் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. தனியாகக் கேட்டுவிட்டேன், ஆனால் தவறைப் பொதுவில் செய்ததால் மன்னிப்பையும் பொதுவில் கேட்பதுதான் முறை.

மார்கழியில் மொட்டை மாடியைச் சுத்தம் செய்தோம், நினைவிருக்கும். படிக்கட்டு முகப்பின் கூரைக்குக் கீழே பதினான்கு மண் தொட்டிகள் வரிசையாக இருந்தன. ஒன்றிலும் ஒரு இலை இல்லை. மண் காய்ந்து வெடித்திருந்தது. யாரோ வைத்து விட்டுப் போன காலித் தொட்டிகள் என்று நினைத்து, எல்லாவற்றையும் பின்பக்கச் சுவரோரம் கொட்டச் சொன்னேன். தொட்டிகளை ஒரு பழைய பொருள் வண்டிக்காரரிடம் கொடுத்தாயிற்று. மாடி பளிச்சென்று ஆனது. நான்தான் படம் எடுத்து நம் வாட்ஸப் குழுவில் போட்டேன். இருபத்தேழு பேர் கைதட்டினீர்கள்.

பொங்கலுக்கு முதல் நாள் மூன்றாம் மாடி அம்மா, மகள் வீட்டிலிருந்து திரும்பி வந்தார். சாயங்காலம் என் வீட்டுக் கதவைத் தட்டி, "தம்பி, மாடியில என் தொட்டிங்க இருந்துதே, எங்க மாத்தி வச்சிருக்கீங்க? தை பிறக்குது, தண்ணி விட ஆரம்பிக்கணும்" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. காலியாக இருந்ததாக நினைத்துக் கொட்டிவிட்டோம் என்றேன். அவர் கோபப்படவில்லை. "காலி இல்லை தம்பி. தூங்கிட்டு இருந்தது" என்று மட்டும் சொன்னார்.

அவர் கணவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர். நாற்பது வருடங்களுக்கு முன் அரக்கோணத்தில் குவார்ட்டர்ஸில் இருந்தபோது பக்கத்து வீட்டில் கொடுத்த மூன்று கிழங்குகள். மாற்றலாகும் ஊருக்கெல்லாம் செய்தித்தாளில் சுற்றி, பாத்திர மூட்டையோடு எடுத்துப் போயிருக்கிறார்கள். மூன்று பதினான்கு தொட்டி ஆகியிருக்கிறது. கணவர் போய் ஆறு வருடம் ஆகிறது. நான் கொட்டச் சொன்னது அதைத்தான்.

அன்று இரவு டார்ச் வைத்துக்கொண்டு நானும் வாட்ச்மேனும் சுவரோரம் கிளறினோம். நான்கு கிழங்கு கிடைத்தது, அதில் ஒன்று அழுகல். மறுநாள் காலை நம் துப்புரவுப் பணியாளர் அக்கா வந்தார். விஷயத்தைக் கேட்டதும் மோட்டார் அறைக்குப் போய் ஒரு பழைய பெயின்ட் வாளியைத் தூக்கி வந்தார். உள்ளே எட்டுக் கிழங்குகள். "பெரிய வெங்காயம் மாதிரி இருந்துச்சு சார். மாடியில எதுக்கு வெங்காயம் நடுவாங்கன்னு முகர்ந்து பார்த்தேன், வெங்காய வாசனையே இல்ல. கையில அழுத்தினா கல்லு மாதிரி கெட்டியா இருந்துச்சு. உயிர் இருக்கறதை எப்படிக் குப்பையில போடறதுன்னு எடுத்து வச்சேன்."

பதினான்கில் பதினொன்று பிழைத்தது. அந்தப் பெருமை எனக்கு இல்லை, அவருக்கு. இந்தக் கூட்டத்தில் அவருக்கு ஒரு கைதட்டல் கொடுப்போம்.

கொட்டியவன் நான் என்பதால், கடந்த பத்து நாட்களாக அந்த அம்மாவிடமே உட்கார்ந்து பாடம் கேட்டேன். கொஞ்சம் படிக்கவும் செய்தேன். அதைத்தான் இப்போது உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில், கிழங்கு என்பது என்ன? வீட்டில் ஒரு பெரிய வெங்காயத்தை நெட்டுவாக்கில் இரண்டாக வெட்டிப் பாருங்கள். கீழே ஒரு தட்டையான அடிப்பகுதி, அதிலிருந்துதான் வேர் வரும். மேலே அடுக்கடுக்காகச் சதைப்பற்றான இதழ்கள், அதுதான் சேமித்த உணவு. நடுவில் ஒரு சிறு முளை. நம் தொட்டிக் கிழங்குகளும் இதே அமைப்புதான். மழைக்காலம் வரை இலை வெயிலில் சமைத்த உணவை எல்லாம் இந்த அடுக்குகளில் சேர்த்துவிட்டு, செடி மேலே காய்ந்துபோகிறது. உள்ளே அடுத்த பூவின் மொட்டு உருவாகிக் காத்திருக்கிறது. சித்திரையில் நாம் பார்க்கப்போகும் அமரிலிஸ் பூ, போன வருடமே கிழங்குக்குள் உருவாகிவிட்டது. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பராமரிப்பில் பாதி புரிந்துவிடும்.

அடுத்தது, நம்மில் பலர் கேட்கும் கேள்வி: டூலிப் வைக்கலாமா? ஸ்ரீநகரில் ஜபர்வான் மலையடிவாரத்தில் இருக்கும் டூலிப் தோட்டத்தை நம்மில் நான்கைந்து குடும்பம் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம். அதைப் பார்த்த மயக்கத்தில் நானும் ஒரு வருடம் இணையத்தில் பத்து டூலிப் கிழங்கு வாங்கி நட்டேன். இரண்டு இலை வந்தது, அதோடு சரி.

காரணம் எளிமையானது. டூலிப்புக்கு மூன்று மாதத்துக்கும் மேல் நல்ல குளிர் வேண்டும், சுமார் 5 முதல் 9 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரைக் கடந்தால்தான் பூந்தண்டு நீளும். நம் ஊரில் மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்து நடுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் பழங்களோடு சேர்த்து வைக்காதீர்கள். பழுக்கும் பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு உள்ளே இருக்கும் மொட்டைக் கெடுத்துவிடும். இத்தனை பாடுபட்டு ஒருமுறை பூத்தாலும், மறு வருடம் அந்தக் கிழங்கு நம் வெயிலில் தேறாது. டூலிப்பைக் காஷ்மீருக்குப் போய்ப் பார்ப்போம். நம் வெயிலை விரும்பும் கிழங்குகளை இங்கே வளர்ப்போம். நான்கைச் சொல்கிறேன்.

முதலாவது, அமரிலிஸ். மூன்றாம் மாடி அம்மாவின் சொத்து இதுதான். நர்சரியில் அமரிலிஸ் என்றோ லில்லி என்றோ கேட்டால் தருவார்கள். இதன் சரியான தாவரப் பெயர் ஹிப்பியஸ்ட்ரம். தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. அமரிலிஸ் என்ற பெயருக்கு உரிய செடி தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த வேறொரு செடி. ஆனாலும் ஊர் வாயில் பழைய பெயரே நின்றுவிட்டது.

நடுவதற்குச் சரியான நேரம் இப்போது, தை மாதம். எட்டு அங்குலத் தொட்டி ஒரு கிழங்குக்குப் போதும். கிழங்குக்கும் தொட்டி விளிம்புக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் இடைவெளி இருந்தால் சரி. பெரிய தொட்டியில் வைத்தால் ஈரம் தேங்கி அழுகும். மண் கலவை: செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு.

இங்கேதான் பலர் தவறு செய்கிறோம். உருளைக்கிழங்கைப் போல ஆழத்தில் புதைத்துவிடுகிறோம். அப்படிச் செய்யக்கூடாது. கழுத்தும் தோளும் வெளியே தெரிய வேண்டும். மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்கு மேலே இருக்கட்டும். நட்டதும் ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். பிறகு முளை தெரியும் வரை மேல்மண் காய்ந்த பிறகே கொஞ்சம் விடுங்கள். முளை எழுந்தபின் தண்ணீரைக் கூட்டலாம். காலை வெயில் நான்கு மணி நேரம் கிடைக்கும் பால்கனி உத்தமம். பங்குனி, சித்திரையில் தண்டு உயர்ந்து இரண்டு முதல் நான்கு பூ வரை பூக்கும்.

பூ வாடியதும் பூந்தண்டை மட்டும் வெட்டுங்கள். இலையைத் தொடாதீர்கள். "பூதான் முடிஞ்சு போச்சே, இலை எதுக்கு அசிங்கமா" என்று வெட்டிவிட்டால், அடுத்த வருடப் பூவை வெட்டியதாக அர்த்தம். பூத்து முடிந்த பிறகுதான் உரம் தேவை. ஆனி முதல் புரட்டாசி வரை மாதம் ஒருமுறை ஒரு பிடி மண்புழு உரம் போடுங்கள்.

இரண்டாவது, கால்பந்து லில்லி. மே மாதத்தில் பூப்பதால் மே பூ என்றும் சொல்வார்கள். இது ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. ஓய்வுக் காலத்தில் காலித் தொட்டி போல இருக்கும். சித்திரை, வைகாசியில் ஒரு இடி மழை பெய்ததும் வெறும் மண்ணிலிருந்து தண்டு கிளம்பி, உச்சியில் சிவப்புப் பந்து விரியும். ஒரு பந்தில் நூறு, இருநூறு சிறு பூக்கள் இருக்கும். ஒரு கிழங்குக்கு வருடத்தில் ஒரே ஒரு பந்துதான், பத்து நாளுக்குள் முடிந்துவிடும். அதற்காக ஒரு வருடம் காத்திருப்பது தனிச் சுகம். பாதி நிழல் போதும், ஆகவே வெயில் குறைந்த பால்கனிக்காரர்கள் இதைத் தேர்ந்தெடுக்கலாம். கழுத்து மண் மட்டத்தில் இருக்கும்படி நட்டுவிட்டு, அடிக்கடி தோண்டிப் பார்க்காமல் விட்டுவிடுங்கள். இடம் மாற்றினால் ஒரு வருடம் கோபித்துக்கொண்டு பூக்காது.

மூன்றாவது, மழை லில்லி. வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள் நிறங்களில் கிடைக்கும். சின்ன வெங்காயம் அளவுதான் கிழங்கு. குழந்தைகளுக்குத் தொடங்கிக் கொடுக்க இதைவிட நல்ல செடி இல்லை. அகலமான தொட்டியில் பத்துப் பதினைந்தை ஒன்றாக, ஒன்றரை அங்குல ஆழத்தில் நடுங்கள். முழு வெயில் வேண்டும். நல்ல மழை பெய்த நான்கைந்து நாளில் தொட்டி முழுக்கப் பூத்து நிற்கும். மழை இல்லாத மாதத்தில் ஒரு வழி இருக்கிறது. இரண்டு மூன்று வாரம் தண்ணீர் காட்டாமல் காயவிட்டு, பிறகு ஒரே நாளில் நன்றாக நனையும்படி ஊற்றுங்கள். மழை வந்துவிட்டது என்று நம்பிப் பல சமயம் பூத்துவிடும்.

நான்காவது, நாம் மறந்துபோன நம் சம்பங்கி. மாலையில் பார்க்கிறோம், பால்கனியில் பார்ப்பதில்லை. இதுவும் மெக்சிகோவிலிருந்து வந்ததுதான். ஆனால் இன்று சத்தியமங்கலம், நிலக்கோட்டை வயல்களில் நம் ஊர்ப் பூவாகவே ஆகிவிட்டது. ஒற்றை அடுக்குப் பூ மாலைக்கும் வாசனைக்கும், இரட்டை அடுக்கு பூங்கொத்துக்கு. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பிரஜ்வல் ரகம் நன்றாக வருகிறது. கிழங்கை இரண்டு அங்குல ஆழத்தில் நடுங்கள். ஆறு மணி நேர வெயில் அவசியம். நட்ட மூன்று, மூன்றரை மாதத்தில் பூக்கும். ஒரு தண்டு இருந்தால் இரவில் கூடம் முழுக்க மணக்கும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை தோண்டிப் பிரித்து நட வேண்டும்.

இனி பொதுவாகச் சில வார்த்தைகள்.

கிழங்குச் செடிக்குத் தாகத்தைவிட ஈரம்தான் எதிரி. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் அடை மழை. அமரிலிஸும் கால்பந்து லில்லியும் ஓய்வுக்குப் போகும் நேரமும் அதுதான். உறங்கும் கிழங்கின் மேல் மழை கொட்டினால் அழுகிவிடும். மூன்றாம் மாடி அம்மா படிக்கட்டு முகப்பின் கூரைக்கடியில் தொட்டிகளை நகர்த்தி வைத்ததன் காரணம் இதுவே. நான் புறக்கணிப்பு என்று நினைத்தது உண்மையில் பராமரிப்பு. சிலர் வீட்டில் இலை முழுதும் காயாமல் பச்சையாகவே நிற்கும். கவலை வேண்டாம், தண்ணீரை மட்டும் குறையுங்கள்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் நிற்கக் கூடாது. கிழங்கு அழுகுவது ஒரு பக்கம், அந்தத் தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும். தண்ணீர் விட்ட அரை மணி நேரத்தில் தட்டைக் கவிழ்த்து விடுங்கள். கீழ் வீட்டுக்காரர் துணி மேல் கவிழ்க்காதீர்கள். அந்தப் புகார்ப் பதிவேடு என்னிடம்தான் இருக்கிறது.

பூச்சிகளில் இரண்டைக் கவனியுங்கள். இலை அடியிலும் கிழங்கின் கழுத்திலும் வெள்ளையாகப் பஞ்சு போல ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. ஈரத் துணியால் துடைத்துவிட்டு, வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளியுங்கள். கறுப்பு உடம்பில் மஞ்சள், வெள்ளைப் புள்ளிகளோடு புழு தெரிந்தால் அது லில்லிப் புழு. ஒரே இரவில் இலையை மொட்டையடித்துவிடும். கையுறை போட்டுப் பொறுக்கி எடுப்பதுதான் சிறந்த வழி.

"என் செடி மூன்று வருடமாகப் பூக்கவில்லை" என்று சிலர் கேட்டீர்கள். மூன்று காரணங்கள் இருக்கலாம். வெயில் போதவில்லை, இலையை வெட்டியிருக்கிறீர்கள், அல்லது கிழங்கு இன்னும் சிறியது. தாய்க் கிழங்கிலிருந்து பிரித்த குட்டி பூப்பதற்கு இரண்டு மூன்று வருடம் ஆகும். அதற்குமுன் திட்டிப் பயனில்லை.

அடுத்து வருவது முக்கியமான எச்சரிக்கை. தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். துப்புரவுப் பணியாளர் அக்கா அந்தக் கிழங்கை முகர்ந்து பார்த்தார் என்று சொன்னேன். அவர் முகராமல் வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சமைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அமரிலிஸ், கால்பந்து லில்லி, மழை லில்லி மூன்றும் ஒரே குடும்பம். மூன்றின் கிழங்கிலும் லைகோரின் முதலான நச்சுப் பொருள்கள் இருக்கின்றன. தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்று வலி வரும். அளவு கூடினால் ஆபத்து. நாய், பூனைக்கும் ஆகாது. மழை லில்லிக் கிழங்கும் சின்ன வெங்காயமும் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே கிழங்கைச் சமையலறையில் வைக்காதீர்கள். பையில் போட்டால் மேலே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். நட்ட பிறகு கையைக் கழுவுங்கள். யாராவது தின்றுவிட்டது தெரிந்தால், கை வைத்தியம் பார்க்காமல் மீதிக் கிழங்கோடு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

நம் மாநில மலரான செங்காந்தளுக்கும் இது பொருந்தும், இன்னும் கடுமையாக. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் பூக்களின் வரிசையே செங்காந்தளில்தான் தொடங்குகிறது. அத்தனை அழகு. அதன் கண்வலிக் கிழங்கில் இருக்கும் கால்ச்சிசின் உயிரையே எடுக்கக்கூடியது. குழந்தைகள் ஓடி விளையாடும் நம் வளாகத்தில் அது வேண்டாம் என்பது என் கருத்து.

கடைசியாக, ஒரு வேண்டுகோள். பின்பக்கச் சுவரோரம் இருக்கும் அந்த நாற்பதடி மண் தரைக்கு டைல்ஸ் போட்டு இருசக்கர வண்டி நிறுத்தலாம் என்று ஒரு யோசனை வரும் பொதுக்குழுவில் வைக்கப்பட இருக்கிறது. வண்டி நிறுத்த இடம் இல்லை என்பது உண்மையான கஷ்டம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம் வளாகத்தில் மழைநீர் நேராக மண்ணுக்குள் இறங்கும் கடைசி இடம் அதுதான். 2019 கோடையில் டேங்கர் லாரிக்காக நாம் இரவெல்லாம் விழித்திருந்ததை மறந்துவிட வேண்டாம்.

இன்னொன்று. அன்று இரவு நானும் வாட்ச்மேனும் எவ்வளவு கிளறியும் மூன்றாம் மாடி அம்மாவின் இரண்டு கிழங்குகள் கிடைக்கவில்லை. அவை இன்னும் அந்த மண்ணுக்குள்தான் எங்கேயோ இருக்கின்றன. சித்திரை வரை பொறுத்துப் பார்க்கலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதுவரை அந்த இடத்தில் ஒரு வரிசை மழை லில்லியும், சுவர் நிழலில் கால்பந்து லில்லியும் நட்டுப் பார்ப்போம். செலவு அதிகமில்லை, தண்ணீரும் அதிகம் வேண்டாம். பூக்கும்போது எல்லோரும் பார்த்துவிட்டு, அதன்பிறகு டைல்ஸா மண்ணா என்று ஓட்டுப் போடுங்கள். எந்த முடிவானாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

அடுத்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு வாட்ச்மேன் அறை முன்னால் கிழங்குப் பரிமாற்றம் வைத்திருக்கிறோம். உங்களிடம் கூடுதலாக இருப்பதைக் கொண்டுவாருங்கள், இல்லாததை எடுத்துப் போங்கள். மூன்றாம் மாடி அம்மா குட்டிக் கிழங்குகள் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எனக்கும் ஒன்று தந்திருக்கிறார். "நீங்க கொட்டினதுக்குத் தண்டனை தம்பி, பூக்கிற வரைக்கும் பார்த்துக்கணும்" என்றார்.

வரும்போது ஐஸ்கிரீம் குச்சியோ பழைய ஸ்பூனோ ஒன்று எடுத்து வாருங்கள். பெர்மனென்ட் மார்க்கர் நான் தருகிறேன். செடியின் பெயர், வீட்டு எண், "உறக்கத்தில் இருக்கிறது, கொட்ட வேண்டாம்" என்ற மூன்றையும் எழுதித் தொட்டியில் குத்தி வையுங்கள். என்னைப் போல இன்னொருவர் இந்த வளாகத்தில் இருக்கக்கூடும்.

 உள்ளே சுண்டல் தயாராகிவிட்டதாம்.